றிஸ்மியுஸ் வெட்டிய வக்கடை

நற்பிட்டிமுனை றிஸ்மிக்கு மண்வெட்டி என்றாலே ஆகாது. ஆனால் ரோமாபுரிப் படையில் அவனைப்போல அகழிக் கிடங்கு வெட்டுகிற சிப்பாய் கிடையாது. இரண்டையும் ஊருக்குச் சொன்னவள் அவன் மனைவி ஸில்மியாதான். "வயலுக்குப் போய் வரம்பக் கட்டுங்க எண்டா இடுப்பு நோகுதாம். போனுக்குள்ள ஏறி நிண்டு ஆருக்கோ கிடங்கு வெட்டுறார்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாள். றிஸ்மியும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே வெட்டுவான்.

கட்டாரில் ஒரு கம்பனி வாசலில் காவலுக்கு நின்ற காலத்தில் பிடித்த பழக்கம் அது. வெயிலில் ஒரு கதிரை, தலைக்குமேல் ஒரு தகரம், வருகிற வாகனத்துக்குக் கம்பைத் தூக்கிவிடுவது. மீதி நேரமெல்லாம் கொட்டாவி. கூட நின்ற நேபாளக்காரன் ஒருவன்தான் அந்தக் கேமைக் காட்டிக் கொடுத்தான். பழைய ரோம ராச்சியத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயாகச் சேர வேண்டும். மூட்டை சுமந்து நடக்க வேண்டும், கோதுமை அரைத்துக் கூழ் காய்ச்ச வேண்டும், செருப்பு அறுந்தால் உட்கார்ந்து தைக்க வேண்டும். போய்த் தங்குகிற இடமெல்லாம் முகாமைச் சுற்றிக் கிடங்கு வெட்டி வேலி நட வேண்டும். சண்டை என்பது பெருநாள் வருகிற மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

இவ்வளவு வேலை செய்து விளையாட உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. றிஸ்மியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் ஒருவருக்கும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடச் சேவை முடித்தால் அந்தச் சிப்பாய்க்குக் காணி கிடைக்கும். அவனுடைய சொந்தப் பெயரில்.

றிஸ்மி குடியிருக்கிற வீடு ஸில்மியாவின் சீதனம். வயலும் அவள் சீதனம். இந்தக் கிழக்குக் கரையில் அது ஒன்றும் புதினமில்லை. பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். றிஸ்மியின் வாப்பாவும் அப்படி ஏறியவர்தான், சந்தோசமாக இருந்தவர்தான். ஸில்மியாவும் அதை ஒருநாளும் குத்திக்காட்டியவளில்லை. ஆனாலும் கட்டாரில் ஆருடையதோ வாசலுக்குக் காவல், ஊருக்கு வந்தால் பொஞ்சாதியின் வயலுக்குக் காவல் என்று அவனுக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டே இருந்தது. போனுக்குள் கிடைக்கப்போகிற காணிக்கு அவன் மட்டும்தான் சொந்தக்காரன். அதனால்தான் அவ்வளவு பாடுபட்டான்.

பெயர் கேட்கும் இடத்தில் றிஸ்மி என்று போட்டுப் பார்த்தான். ரோமப் பெயராக இருக்க வேண்டுமென்று கேம் அடம்பிடித்தது. சரி போ என்று 'றிஸ்மியுஸ்' என்று போட, உடனே ஏற்றுக்கொண்டது. றிஸ்மியுஸ் நல்ல சிப்பாய், நல்ல முஸ்லிமும்கூட. படையில் பங்காகக் கொடுக்கிற வைனையும் பன்றிக் கொழுப்பையும் அவன் தொட்டதில்லை. கூடாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் மாற்றிக்கொள்வான். கேம் என்றாலும் ஹராம் ஹராம்தானே.

கூடாரத்துக்கு எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் ஏழு தேசத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற உண்மையான ஆட்கள். ஒருவன் கிடங்கைப் பாதியில் விட்டுப் போனால் எட்டுப் பேருக்கும் சாப்பாடு குறையும். றிஸ்மி ஒருநாளும் பாதியில் விட்டவனல்ல. முகம் தெரியாத அந்த ஏழு பேரிடமும் அவனுக்கு மானஸ்தன் என்று பெயர் இருந்தது. உள்ளூரில் அப்படி ஒரு பெயர் இன்னும் எடுக்கவில்லை.

வயலை உண்மையில் பார்த்தவர் கச்சிமுகம்மது, எல்லாருக்கும் அண்ணன் முறையில் 'காக்கா'. ஸில்மியாவின் வாப்பா காலம் தொட்டு அந்த வயலின் முல்லைக்காரர். உழவு முதல் அறுவடை வரைக்கும் எல்லாம் அவர் கைதான். றிஸ்மி வாடியில், அதாவது வயல் கொட்டிலில், குந்திக்கொண்டு போனைப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

அவர்கள் வயலுக்குக் கீழே பாண்டிருப்புக் கனகேஸ்வரியின் வயல். புருசன் செத்த பிறகு தானே இறங்கி விவசாயம் செய்கிற மனிசி. மேல் வயலின் தண்ணீர், வரம்பில் வெட்டி வைத்த வாய் வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். வக்கடை என்பது அந்த வாய்தான். கீழ் வயலில் விதை விழுந்துவிட்டால் மேல் வயல்காரன் வக்கடையை இறுக்கிக் கட்டிவிட வேண்டும்; முளை நெல் வேர் பிடிக்கும் மட்டும் ஒரு சொட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. எழுதி வைத்த சட்டமல்ல. ஆனால் எல்லைத் தகராறில் வழக்குப் பேசக் கோட்டுக்கு ஏறி இறங்குகிறவர்கள்கூட ஒருவர் விதைமேல் ஒருவர் தண்ணீர் விடமாட்டார்கள். அதைச் செய்தவன் என்று இந்த வயல் வட்டைக்குள் ஒருவனையும் காட்ட முடியாது.

அன்றைக்கு மருதமுனையில் கச்சிமுகம்மதுவின் சொந்தத்தில் ஒருவர் இறந்து ஜனாஸா. நண்பகல் லுஹர் தொழுததும் அவர் புறப்பட்டார்.

"தம்பி, வக்கடையக் கட்டிற்றன். மழ வந்து நம்மட வயல் முட்டி நிறைஞ்சா, அந்த மூலையில வடிச்சல் பக்கம் வெட்டி உடுங்க. இஞ்சால தொடாதீங்க."

"ஓம் காக்கா. நான் பாக்கிறன், நீங்க போங்க."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கனகேஸ்வரி போன் எடுத்தார். "தம்பி றிஸ்மி, முளைய இனி வெச்சிரிக்கேலாது, காலையில வீசிற்றன். வானம் இருட்டுது. என்ட பக்கம் தண்ணி வந்திராதே?"

"நீங்க பயப்படாதீங்க அக்கா. நான் இஞ்சதான் நிக்கிறன்."

நின்றான் என்பது உண்மைதான். வாடிக்குள் நின்றான். றிஸ்மியுஸின் படை அன்றைக்கு ஒரு ஆற்றங்கரையில் முகாம் போட்டிருந்தது. கிடங்கு வெட்டி முடிக்க நேரம் வைத்திருந்தார்கள். கூடாரத்தில் இரண்டு பேர் புதியவர்கள், வேலை தெரியாதவர்கள். றிஸ்மிதான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. கார்த்திகை மாரி எப்போதும் அப்படித்தான். ஒரு காற்று, பிறகு ஒரே கொட்டு. தலையைத் தூக்கிப் பார்த்தபோது வயலில் விரலளவு எழும்பியிருந்த அவன் பயிர் நுனி மட்டும்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் வரம்பு உடையும். றிஸ்மி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தண்ணீர் வடிகாலுக்கு இறங்குகிற வடிச்சல் மூலை தூரத்தில் இருந்தது. வரம்பு வழுக்கிற வழுக்கலுக்கு, போய் வெட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே கிடங்கின் நேரம் முடிந்துவிடும். ஏழு பேரின் சாப்பாடு போய்விடும். வக்கடையோ காலடியில் இருந்தது. கொஞ்சத்துக்கு இதைத் திறந்து மேல் தண்ணீரை இறக்கிவிட்டு, கிடங்கை முடித்ததும் வந்து கட்டிவிடலாம் என்று நினைத்தான். நினைத்தான் என்று சொல்வதே அவனுக்கு மரியாதை. கை வெட்டிய பிறகுதான் மனம் அதற்குக் காரணம் தேடியது. கச்சிமுகம்மதுவின் கட்டு இலேசில் விடவில்லை. இரண்டு மூன்று கொத்துப் போட்ட பிறகுதான் உடைந்தது. தண்ணீர் இறங்கியதும் றிஸ்மி வாடிக்கு ஓடினான்.

கிடங்கு முடிந்தது. கூடாரத்துக்கு முதலிடம் கிடைத்தது. துருக்கிக்காரன் ஒருவன் கைதட்டுகிற படம் அனுப்பினான். அதற்குப் பதில் அனுப்பி, பரிசாக வந்த வைனைப் பங்கு போட்டுக் கொடுத்து, அடுத்த நாள் நடைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வரம்பில் கச்சிமுகம்மதுவின் சத்தம் கேட்டது.

"யா அல்லாஹ்! வக்கடை பெய்த்தே! தம்பி, ஓடி வாங்க, கட்டு உடைஞ்சி பெய்த்து!"

வக்கடை இருந்த இடத்தில் ஆள் படுக்கலாம் போல ஒரு வாய் திறந்திருந்தது. பாய்ந்த தண்ணீர் இரண்டு பக்கத்து மண்ணையும் கரைத்துக்கொண்டு போயிருந்ததால் மண்வெட்டி பட்ட அடையாளம் ஒன்றுமில்லை. ஜனாஸாவுக்கு உடுத்திப் போன வெள்ளைச் சாரத்தோடு கச்சிமுகம்மது தண்ணீருக்குள் குதித்தார். றிஸ்மி மண் வெட்டிக் கொடுத்தான். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. அந்த முதல் மௌனம் வெறும் பயம்தான் என்று அவனுக்காக வாதாடலாம். அதற்குப் பிறகு வந்த மௌனங்களுக்கு வாதாட ஒருவரும் வரமாட்டார்கள்.

கனகேஸ்வரி வந்தபோது மழை விட்டிருந்தது. அவர் வீசிய முளை நெல் முழுவதும் பள்ள மூலையில் ஒதுங்கி, ஆறிய கஞ்சிபோலத் திரண்டு கிடந்தது. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ட பிழைதான் புள்ள" என்றார் கச்சிமுகம்மது. "நான் கட்டினதுதான். சரியா மிதிக்காம உட்டிற்றன் போல. என்ட வித்துநெல்லு கிடக்கு, ஊறப் போடுறன். நானே வந்து வீசித் தாறன்."

"நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க காக்கா?" என்றார் கனகேஸ்வரி. அதற்குமேல் அவரைப் பேச அந்த மனிசிக்கு வாய் வரவில்லை. றிஸ்மி பக்கத்தில் நின்றான். சாட்சிக்காரன் போல நின்றான்.

அடுத்த நாள் காலையில் கச்சிமுகம்மது றிஸ்மியின் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. ஸில்மியாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "புள்ள, இந்தப் போகம் முடியத் தேவல்ல, இப்பவே வேற ஆளப் பாருங்க. நேத்து ராவெல்லாம் யோசிச்சிப் பாத்தன். கட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி. மிதிச்சதும் ஞாபகம் இரிக்கி. அப்பிடியும் உடைஞ்சிரிக்கி எண்டா என்ட கைய இனி நம்பேலா."

ஸில்மியா வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவர் போன பிறகு, "பாவம், வயசும் பெய்த்துத்தான். வேற ஆள் பாக்கத்தான் வேணும் மச்சான்" என்றாள். றிஸ்மி அறைக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சோறு போட்டுப் பிசைந்தான், இறங்கவில்லை.

மனம் கேட்காமல் போனை எடுத்தான். வேறு எதற்காக எடுப்பான்? அங்கே முகாமில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. யாரோ காவலை விட்டுப் போனதால் குதிரைகள் அவிழ்ந்து ஓடிவிட்டன. நூறு பேருக்குத் தலைவன் திராட்சைக் கொடித் தடியோடு நின்று, யார் என்று கேட்டான். அந்த ராவு காவலில் பெயர் இருந்தது றிஸ்மியுஸுக்கும் இன்னொருவனுக்கும். திரையில் மூன்று பொத்தான் வந்தது: நான்தான், அவன்தான், தெரியாது. றிஸ்மி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான்தான் என்பதை அழுத்தினான். றிஸ்மியுஸ் முதுகைக் காட்டிக்கொண்டு அடி வாங்கினான். கூடாரத்து ஏழு பேரும் கைதட்டினார்கள். ஒருவன் தன் ரொட்டியைக் கொடுத்தான். கண்ணியம் என்று எழுதியிருந்த இடத்தில் மஞ்சள் கோடு ஏறியது.

அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்து றிஸ்மிக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அடுத்த நிமிசம் முகத்தில் தீப்பிடித்தது. இல்லாத முதுகில் அடி வாங்க என்ன கெட்டித்தனம். இருக்கிற வாயால் இரண்டு சொல் சொல்ல முடியவில்லையே என்று தன்னைத் தானே காறித் துப்பினான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனான்.

"ஸில்மியா, அந்த வக்கடைய நான்தான் வெட்டினன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கண் கலங்கியது.

"மச்சான், கச்சிக் காக்காவ வெச்சிக்கிறத்துக்கு இப்பிடிச் சொல்லணுமா? நீங்க வேல செய்யமாட்டீங்கதான். அதுக்காக விதைச்ச வயலுக்கு மேல தண்ணி உடுற மனுசனா? எந்தப் பாவியும் செய்யமாட்டான் அத." கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தோளைத் தட்டினாள். "நல்ல மனசு உங்களுக்கு. நான்தான் வெளங்காம இருந்திற்றன்."

கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று றிஸ்மி வாயெடுத்தான். ஏன் வெட்டினீங்க என்று அவள் கேட்டால் எதைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டான். சொல்லியாயிற்றுத்தானே, நம்பாதது அவள் பாடு என்று தனக்கே ஒரு நியாயமும் செய்துகொண்டான். அந்த நியாயம் அன்றைய அஸர் தொழுகை வரைக்கும்கூட நிற்கவில்லை.

ஸில்மியாவின் வாயில் ஒரு நல்ல கதை விழுந்தால் அது வீட்டுக்குள் கிடக்காது. கனகேஸ்வரிக்கும் போன் போனது, கச்சிமுகம்மதுவின் வீட்டுக்கும் போனது. முளை தயாரானதும் கச்சிமுகம்மது சொன்னபடி கனகேஸ்வரியின் வயலில் இறங்கி வீசினார். றிஸ்மி அங்கே போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

கனகேஸ்வரி அவனைக் கண்டதும் வரம்பில் எதிரே நடந்து வந்தார். "தம்பி, கேள்விப்பட்டன். அடுத்தவன்ட பிழையத் தன்ட தலையில போட ஆருக்கு மனம் வரும், சொல்லுங்க? கச்சிக் காக்காட நல்ல காலம் நீங்க."

கச்சிமுகம்மது விதைப் பெட்டியை வரம்பில் வைத்துவிட்டு வந்து, சேறு பட்ட இரண்டு கையாலும் றிஸ்மியின் கையைப் பிடித்தார். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க தம்பி. அல்லாஹ் பாத்துக்கொண்டு இருக்கான். என்ட கை செஞ்ச பிழைய நான்தான் சுமக்கணும்." 

அந்தக் கையைப் பிடித்தபடி றிஸ்மியால் நிற்க முடியவில்லை. உருவி எடுத்தான்.

"பொய்யில்ல காக்கா. வெட்டினது நான்தான். உங்களுக்காகச் சொல்லல்ல, உண்மையத்தான் சொல்றன்."

"அப்ப ஏன் வெட்டினீங்க தம்பி?" என்றார் கனகேஸ்வரி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இத்தனை நாளும் ஒருவரும் கேட்கவில்லை.

"வடிச்சலுக்குப் போக நேரமில்லாம இருந்திச்சி அக்கா."

"நேரமில்லாம அப்பிடி என்ன வேல?"

"கேம் விளையாடினன்." ஆரம்பித்தால் முடிக்கத்தானே வேண்டும். "போன்ல. ஒரு சிப்பாய்ட கேம். நாங்க எட்டுப் பேர் கிடங்கு வெட்டிட்டு இருந்தம். நான் இடையில உட்டா மத்தவங்களுக்குச் சாப்பாடு குறையும். அதான், பக்கத்தில கிடந்த வக்கடைய வெட்டிற்றன். மறுகா வந்து கட்டுவம் எண்டு நினைச்சன். மறந்திற்றன்."

சொல்லச் சொல்ல அவன் காதிலேயே அது எப்படி விழுந்தது என்பதை எழுதத் தேவையில்லை. கனகேஸ்வரியின் சிரிப்புப் போய்விட்டது. இப்போது அவர் நம்பினார். இப்படி ஒரு காரணத்தை ஒருவனும் இட்டுக்கட்டமாட்டான்.

முதலில் பேசியவர் கச்சிமுகம்மது. கோபம் வரும் என்று றிஸ்மி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தம்பி, அப்ப நான் கட்டின கட்டு?"

"அது நிண்டது காக்கா. கல்லுப்போல இருந்திச்சி. கொத்தித்தான் உடைச்சன்."

"அந்த மழைக்கும் நிண்டதா?"

"நிண்டது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கச்சிமுகம்மது. இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். காணாமல் போன மாடு தானே தொழுவத்துக்கு வந்து நிற்கக் கண்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் மிதிச்சன் எண்டு சொன்னனே. எனக்கு ஞாபகம் இரிக்கெண்டு சொன்னனே புள்ள." கனகேஸ்வரியைப் பார்த்து அதையே இரண்டாம் தரமும் சொன்னார். அவரை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தவன் முன்னால் நிற்கிறான் என்பது அந்த மனிதனுக்குத் தோன்றவே இல்லை. அவர் ஒரு அறை விட்டிருந்தால் றிஸ்மி நன்றி சொல்லியிருப்பான்.

கனகேஸ்வரி அப்படி இல்லை. "நான் கோல் எடுத்துக் கேட்டனே தம்பி. இஞ்சதான் நிக்கிறன் எண்டு சொன்னீங்களே." அவர் குரல் உயரவில்லை. "ஆரோ எவரோட சோத்துக்கு இவ்வளவு பயந்தீங்க. நானும் சோத்துக்குத்தானே விதைச்சன்?"



அவர் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தார். "கச்சிக் காக்காட நம்பரத் தாங்க" என்றார். அதைக் கச்சிமுகம்மதுவிடம் கேட்கவில்லை, றிஸ்மியிடம்தான் கேட்டார். றிஸ்மி தன் போனைத் திறந்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான். அவர் போட்டுப் பார்த்து, சரியா என்று கேட்டார். சரி அக்கா என்றான். கச்சிமுகம்மது அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். அவர் வீசிய முளை நெல் சீராக விழுந்துகொண்டிருந்தது. ஸில்மியாவிடம் மறுபடியும், இந்தத் தடவை காரணத்தோடு, சொல்ல வேண்டிய வேலை றிஸ்மிக்கு இன்னும் இருந்தது. அவன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

அந்தக் கேமை அவன் அழித்துவிட்டான் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழிக்கவில்லை, தொடாமல் விட்டான், அவ்வளவுதான். ஆனால் அந்த மாரி முழுக்க, கச்சிமுகம்மதுவோடு வயலில் நின்ற நாளெல்லாம், போனை நனையாமல் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். வானம் இருட்டும்போதெல்லாம் கனகேஸ்வரி எடுப்பாரோ என்று அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஒவ்வொரு தரமும் அடித்தது பக்கத்தில் நின்ற கச்சிமுகம்மதுவின் போன்தான். "ஓம் புள்ள, கட்டிற்றன், பயப்படாதீங்க" என்று அவர் சொல்வார். றிஸ்மி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிச்சல் மூலைக்கு நடப்பான்.